பலவீனம் என்று ஒன்று சொல்ல வேண்டும்

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கொடுத்த தாள்.
இரண்டு பக்கம், பதினான்கு கேள்விகள்.
"நீ மேலாளரா இரு, நேலிதா" என்றான்.
இருந்தேன்,
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே.

மோந்தேவிதேயோவில் ஜூலைக் குளிர்.
ஜன்னலின் உடைந்த மூலையில் நான் செருகிய செய்தித்தாளை
ஆற்றுக்காற்று படபடவென்று வாசித்துக்கொண்டிருந்தது.
தலையில் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு
எதிரே வந்து உட்கார்ந்தான் வாஷிங்டன்.
பெரிய பெயர்தான். எங்கள் தெருவில் இரண்டு வாஷிங்டன்கள்.
இருவருக்கும் வேலையில்லை.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.
"வயசு அம்பத்தொண்ணு. மீன் ஆலையில பத்தொன்பது வருஷம்..."
ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தடுக்கி விழும் பையனைப் போல
ஆலை மூடிய இடத்துக்கு வந்ததும்
நின்றுவிட்டான்.
மறுபடி முதலிலிருந்து.
மறுபடி அதே இடம்.

உங்கள் பலவீனம் என்ன?
தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:
பலம்போலத் தோன்றும் பலவீனமாகச் சொல்லவும்.
"அளவுக்கு மேல உழைச்சிடுவேன்" என்றான்.
மேலாளர் சிரிக்கக்கூடாது.
கிழங்கின் கண்ணைத் தோண்டினேன்.
நான் அறிந்த அவன் பலவீனங்கள் பதினேழு.
சொட்டுகிற குழாயை நாளைக்கு நாளைக்கு என்பது.
அப்பா செத்தபோது அழாமல்
நாய் செத்தபோது மூன்று நாள் அழுதது.
சீட்டில் தோற்றால் சீட்டுக்கட்டைக் கழுவுவது.
ஒன்றுகூட பலம்போலத் தோன்றாது.

முந்தைய இடத்தை விட்டு ஏன் விலகினீர்கள்?
தாளில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள்.
வேலையை என்றில்லை,
இடத்தை என்று.
வாசித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

அக்டோபரிலிருந்து மே வரை. எட்டு மாதம்.
வடக்கே ஒரு ஊர். அவளுக்குத் தையல் கடை.
பெயரை நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
திரும்பி வந்த அன்று சூப் இருந்தது,
ஊற்றினேன்.
அதன்பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

கத்தி நின்றது.
அவன் தாளை எட்டிப் பார்த்தான்.
ஓரத்தில் குறிப்பு எதுவும் இல்லை.
"முன்னேற்றத்துக்கு வாய்ப்பு..." என்று தொடங்கி
மென்று விழுங்கினான்.
"இல்ல. பயந்துட்டேன். நாப்பது தாண்டினதும்
ஒவ்வொரு கதவா சாத்துற சத்தம் கேட்டுச்சு."

"ஏன் திரும்பி வந்தே?"
இது பதினான்கில் இல்லாத கேள்வி.
மேலாளர்களுக்கு அந்த உரிமை உண்டு.

மாத்தே குவளையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான்.
இலை ஆறிப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது.
"அங்க யாரும் என்னைத் திட்டல.
தூக்கம் வரல."

அடுத்த கேள்வி,
உங்கள் இடைவெளியை எப்படி விளக்குவீர்கள்.
அதை நான் வாசிக்கவில்லை.
தாளைத் திருப்பிப் போட்டேன்.

ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?
அடுப்பைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான்.
என்னைப் பார்க்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.
"இங்கதான். அந்தக் குழாயைச் சரி பண்ணியிருப்பேன்."

மேலாளர் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.
வெங்காயமாக இருந்திருந்தால் பழியை அதன்மேல் போட்டிருக்கலாம்.

மறுநாள் இருட்டிலேயே கிளம்பினான்.
துறைமுகத்தில் குளிர்கிடங்கு, இராக்காவல் வேலை.
மகன் யமாந்துவின் கோட்டு, தோளில் பிடித்தது.
பேருந்தில் உதடு அசைந்துகொண்டே போயிருக்கும்,
பக்கத்தில் இருந்தவர்கள் ஜெபம் என்று நினைத்திருப்பார்கள்.

பத்து மணிக்குத் திரும்பி வந்தான்.
"என்ன கேட்டாங்க?"
"ஷூ சைஸ்."
"அப்புறம்?"
"நாப்பத்திரெண்டு இல்லையாம். நாப்பத்திமூணு தர்றாங்க.
ரெண்டு சாக்ஸ் போட்டுக்கணும்."
"பலவீனம்?"
"யாரும் கேக்கல, நேலிதா."
கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னான்.

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறான்.
விடிகாலை வந்து பெரிய ஷூவை அவிழ்த்து
என் பக்கம் காலை நீட்டுகிறான், மீன்போலச் சில்லென்று.
திட்டுகிறேன்.
தூங்கிவிடுகிறான்.

குழாய் இன்னும் சொட்டுகிறது.
நான்கு வருடம் பதினொரு மாதம் இருக்கிறது.